அம்பாசிடர் மார்க் 4: கூலன்ட் ஹோஸ் மாத்த மாத்த பிஞ்சுக்கிட்டே இருக்கு, காரணம் என்னவா இருக்கும்?

கோவை_மார்க்4

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 1986 அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல், ஒரிஜினல் 1489 சிசி எஞ்சின்தான், வேற எஞ்சின் எதுவும் ஏத்தல. பிரச்சனை என்னன்னா கூலன்ட் ஹோஸ் நிக்கவே மாட்டேங்குது. மேல் ஹோஸ் (எஞ்சின்ல இருந்து ரேடியேட்டருக்கு சூடான தண்ணி போற குழாய்) புதுசு போட்டா கொஞ்ச நாள் நல்லா ஓடுது, அப்புறம் திடீர்னு எஞ்சின் பக்கத்து முனைல பிளந்துக்குது. கடைசியா ஆழியாறு தாண்டி வால்பாறை ஏத்தத்துல, அந்த நாப்பது ஹேர்பின்ல பாதி கூட ஏறல, பானெட் சந்துல ஆவி கிளம்பி கண்ணாடி பூரா பச்சைத் தண்ணி. ஓரங்கட்டி நல்லா ஆறவிட்டு, பிஞ்ச முனைய பிளேடுல வெட்டி எடுத்துட்டு மிச்ச ஹோஸ இழுத்து மாட்டி, தண்ணி ஊத்தி மெதுவா இறங்கி வந்துட்டனுங்க.

கீழ் ஹோஸ் இன்னும் பிய்யல, ஆனா கைல பிடிச்சா பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்குது. ஒர்க்‌ஷாப்புல கேட்டா இப்ப வர்ற ரப்பர் சரியில்லங்க, சிலிக்கான் போட்டுருங்கன்னு சொல்றாங்க. சிலிக்கான் விலை அதிகமா இருந்தாலும் பரவால்ல, ஆனா நிஜமாவே ரப்பர்தான் காரணமா? இந்த எஞ்சின நல்லா தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்

தம்பி, முதல்ல அந்த வெட்டி எடுத்த துண்டு இருக்கா? இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, உங்க கேள்விக்கு பதில் அதுலதான் இருக்கு. நம்மாளுங்க ஹோஸ் பிஞ்சா உடனே கடைக்கு ஓடுவாங்க, பழச குப்பைல போட்டுட்டு புதுச மாட்டுவாங்க, அது எங்க பிஞ்சது எப்படி பிஞ்சதுன்னு யாரும் பாக்கறதில்ல. அதனாலதான் அடுத்ததும் அதே எடத்துல போகுது.

எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ஹோஸ் நடு உடம்புல பலூன் மாதிரி உப்பி வெடிச்சிருந்தா அது பிரஷர், ரேடியேட்டர் மூடிய பாக்கணும், ஹெட் கேஸ்கட்ட (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) பாக்கணும். ஹோஸ் முழுசா இருக்கு ஆனா கழண்டு வெளிய வந்துடுச்சுன்னா கிளிப்பும் அது உட்கார்ற குழாயும்தான் குத்தவாளி. வெளிப்பக்கம் வீங்கி பிசுபிசுன்னு ஆயிருந்தா ஆயில் பட்டிருக்கு, நம்ம எஞ்சின்ல டேப்பட் கவர் கேஸ்கட்லயும் ராக்கர் கவர்லயும் ஆயில் கசியாத வண்டி கம்மி, அது வழிஞ்சு ஹோஸ் மேல இறங்கும், கூலன்ட் ஹோஸ் செய்யற இந்த ஈபிடிஎம் ரப்பர் சூட்டையும் கூலன்ட்டையும் நல்லா தாங்கும் ஆனா ஆயிலும் பெட்ரோலும் பட்டா ஊறி பெருத்துடும். வெளிப்பக்கம் காஞ்சு பளபளன்னு கல்லு மாதிரி ஆகி குறுக்க வெடிப்பு விட்டிருந்தா வயசும் சூடும். உள்பக்கத்துல இருந்து, அதுவும் கிளிப்புக்கு ரெண்டு இஞ்ச் தூரத்துக்குள்ள, ஹோஸ் நீளத்துக்கு நேர்கோடா கீறல் விட்டிருந்தா அது வேற கதை, அத அப்புறம் சொல்றேன்.

அந்தத் துண்ட நீளவாக்குல கீறி விரிச்சு உள்பக்கத்த வெயில்ல வச்சு வளைச்சுப் பாருங்க. அப்படியே ரேடியேட்டர் மூடி மேல என்ன நம்பர் அடிச்சிருக்குன்னும் சொல்லுங்க.

பத்மினிக்காரன்

மதுரைல இருந்து. என்கிட்ட இருக்கிறது பிரீமியர் பத்மினி, எஞ்சின் வேற (ஃபியட் 1089 சிசி) ஆனா தண்ணி விவகாரம் எல்லாம் ஒண்ணுதான். எங்க ஊரு பக்கம் மெக்கானிக்குங்க முதல் வேலையா தெர்மோஸ்டாட்ட (எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சுருவாங்க, நானும் அப்படித்தான் ஓட்டுறேன், ஒரு பிரச்சனையும் இல்ல. நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? அத கழட்டுங்க, பச்சைக் கூலன்ட்ட கொட்டிட்டு பச்சத்தண்ணி ஊத்துங்க, ஹோஸ்ல பிரஷர் கம்மியாகும்.

பழைய_ஸ்பேனர்

பத்மினி தம்பி, கோச்சுக்காதீங்க, இத நான் ஒத்துக்கவே மாட்டேன். ஹோஸ்ல பிரஷர் எவ்வளவு ஏறலாம்னு தீர்மானிக்கிறது மூடில இருக்கிற ஸ்பிரிங், தெர்மோஸ்டாட் இல்ல. தெர்மோஸ்டாட்ட எடுத்தா எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மழைக்காலத்துல வரவே வராது, அந்தக் குளிர்ந்த எஞ்சின்ல பெட்ரோல் சிலிண்டர் சுவத்த கழுவி ஆயில்ல கலக்கும், போரும் ரிங்கும் தேஞ்சு போகும். சந்தேகமா இருந்தா தெர்மோஸ்டாட்ட கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு உள்ள தொங்க விடுங்க, அடில தொடக்கூடாது, கூட ஒரு தெர்மாமீட்டர் வைங்க. 82ன்னு அடிச்சிருந்தா ஏறக்குறைய அந்தச் சூட்டுல தெறக்க ஆரம்பிக்கணும். தெறக்கலன்னா புதுசு வாங்கிப் போடுங்க, பெரிய விலை இல்ல.

பச்சத்தண்ணி விஷயம் அத விட மோசம். போர்வெல் தண்ணில இருக்கிற உப்பெல்லாம் எஞ்சின் பிளாக்குல, ரேடியேட்டர் டியூப்ல பாறையா படியும். எஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், தெர்மோஸ்டாட் மேல மூடுற எல்போ (மேல் ஹோஸ் மாட்டுற வளைஞ்ச குழாய்) பல வண்டில அலுமினியம். இத்தனை உலோகத்த ஒரே தண்ணில போட்டு துருத்தடுப்பு இல்லாம விட்டா எது முதல்ல கரையும்னு நினைக்கிறீங்க? அலுமினியம்தான். அந்த எல்போ முனைய கழட்டிப் பாத்தா அம்மை போட்ட மாதிரி குழி குழியா இருக்கும், அதுமேல எந்த ஹோஸ் போட்டாலும் கசியும்.

யாழ்_கேம்பிரிட்ஜ்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட இருக்கிறது ஒஸ்ரின் (ஆஸ்டின்) ஏ55 கேம்பிரிட்ஜ், உங்கட அம்பாசிடரின்ர அதே பீ சீரீஸ் எண்ட குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான். தண்ணியைப் பற்றி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. எங்கட ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணி சரியான கடினம், கேத்திலைப் பாத்தாலே தெரியும் எவ்வளவு படிஞ்சிருக்கெண்டு. சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாம இந்தக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணையிலதான் ஓடினது, கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு பிறகு மண்ணெண்ணைக்கு மாத்துறது. அந்த நேரம் கூலன்ட் எண்டு ஒரு சாமானைக் கண்ணால காணேலாது, கிணத்துத் தண்ணிதான். அப்ப ஓடின எஞ்சின்களைப் பிறகு கழட்டேக்க நாலாவது சிலிண்டர் பக்கம் தண்ணி ஓடுற வழி முழுக்கச் சேறும் சுண்ணாம்பும். மேல ஹோஸ் எத்தினை மாத்தினாலும் உள்ளுக்க அப்பிடி இருந்தா சூடு இறங்காது.

தம்பி, உங்கட பிளொக்கின்ர பக்கத்தில தண்ணி இறக்கிற டாப் ஒண்டு இருக்குமெல்லே, அதைத் திறந்து பாருங்கோ. தண்ணி வராட்டி ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கோ. கம்பி குத்தினாப் பிறகும் வராட்டி பின்பக்கம் அடைச்சுப் போச்சு எண்டு அர்த்தம்.

கோவை_மார்க்4

எல்லாருக்கும் நன்றிங்க. ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி துண்ட கீறி விரிச்சுப் பாத்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல, புதுசு மாதிரி வழவழன்னு இருக்கு. ஆனா எஞ்சின் பக்கத்து முனைல மட்டும் உள்ள மெல்லிசா நேர் நேர் கோடுங்க, வளைச்சா வாய் தெறக்குது, ரப்பருக்குள்ள பலத்துக்கு வச்சிருக்கிற நூல் தெரியுது. நூல் கூட ஈரமாகி கருத்துப் போயிருக்கு. வெளிப்பக்கத்துல பிளந்த எடத்த தவிர ஒரு கீறலும் இல்லைங்க, அதனாலதான் ஓடுறப்ப எனக்குத் தெரியவே இல்ல.

மூடில 0.9ன்னு போட்டிருக்கு. பிளாக் டாப்ப தெறந்தேன், முதல்ல வரல, கம்பி விட்டதும் காபிக் கலர்ல கொஞ்ச நேரம் வந்துட்டு அப்புறம் நல்லாவே வந்துச்சு.

பழைய_ஸ்பேனர்

அப்ப ரெண்டு விஷயம் கைல சிக்கிடுச்சு.

முதல்ல மூடி. 0.9ங்கறது பார் கணக்கு, அதாவது 13 பிஎஸ்ஐ (ரெண்டுமே அழுத்தத்த அளக்கிற அலகுதான்). இந்த பி சீரிஸ் குடும்பத்துல எம்ஜிஏ, ஆரம்பகால எம்ஜிபி மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டிங்களுக்கே 7 பிஎஸ்ஐ மூடிதான் கொடுத்தாங்க. உங்களுது பின்னாடி வந்த ஏதோ மாருதி மாதிரி சின்ன வண்டிக்கு வர்ற மூடி, வாய் அளவு பொருந்துதுன்னு யாரோ மாட்டியிருக்காங்க. 7 பிஎஸ்ஐ மூடி போட்டா தண்ணி சுமார் 111 டிகிரி வரைக்கும் கொதிக்காது, 13 போட்டா 118 பக்கம் போகும், அதனால நல்லதுதானேன்னு தோணும். ஆனா அந்தக் கூடுதல் அழுத்தம் பூரா நாப்பது வருஷத்து ரேடியேட்டர் ஈயப்பத்து மேலயும் ஹோஸ் முனை மேலயும் வாட்டர் பம்ப் சீல் மேலயும்தான் விழும். அதுக்காக அழுத்தமே வேணாம்னு மூடிய லூசா விடவும் கூடாது, ஊட்டி மாதிரி 2240 மீட்டர் உயரத்துல அழுத்தம் இல்லாத தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடும், மலை ஏறுற வண்டிக்கு அது போதாது.

மூடி வாங்கறப்ப இன்னொண்ணு பாருங்க. ரேடியேட்டர் கழுத்து உள்ள சீல் உட்கார்ற தட்டு வரைக்கும் எவ்வளவு ஆழம்னு அளந்துக்கோங்க, மூடிலயும் அதே நீளம் இருக்கணும். பழைய இங்கிலீஷ் ரேடியேட்டர்ல ஆழம் ஜாஸ்தி, நீள மூடி வேணும். குட்டை மூடி போட்டா மேல டைட்டா தெரியும், உள்ள சீலே ஆகியிருக்காது.

ரெண்டாவது அந்த நேர்கோட்டுக் கீறல். அதத்தான் வேற கதைன்னு சொன்னேன். அது கரண்டு. நம்ம வயரிங் வாத்தியார் இங்க இருக்காரு, அவரே சொல்லட்டும்.

வயரிங்_வாத்தியார்

வந்துட்டேன். ஹோஸ் தயாரிக்கிற கம்பெனிங்க இதுக்கு எலெக்ட்ரோகெமிக்கல் டிகிரடேஷன்னு பேர் வச்சிருக்காங்க. ரப்பர்ல கார்பன் இருக்கு, ரெண்டு முனைலயும் உலோகம் இருக்கு, நடுவுல கூலன்ட், ஆக ஒரு சின்ன பேட்டரி செல் உருவாகுது. அது ரப்பர உள்ள இருந்து நுணுக்கமா அரிக்குது, அந்தக் கீறல் வழியா கூலன்ட் நூலுக்குப் போய் நூலு இத்துப்போகுது, அப்புறம் ஒரு சூடான நாள்ல அங்கயே பிளக்குது. வெளிய இருந்து பாத்தா தெரியாது. எஞ்சின் நல்லா ஆறினப்புறம் ஹோஸ நடுவுலயும் முனைலயும் விரலாலயே (முழுக் கையால இல்ல, கட்டவிரலும் ஆள்காட்டி விரலும்) நசுக்கிப் பாருங்க, முனை நடுவ விட தொளதொளன்னு இருந்தாலோ உள்ள பிளவு விரலுக்குத் தட்டுப்பட்டாலோ மாத்திடுங்க.

இது எல்லா வண்டிலயும் கொஞ்சம் நடக்கும், வருஷக்கணக்கா ஆகும். உங்க வண்டில சீக்கிரமா நடக்குதுன்னா கூலன்ட் செத்துப்போயிருக்கணும், இல்ல எர்த் (கரண்டு பேட்டரிக்குத் திரும்புற வழி) கோளாறா இருக்கணும். மல்டிமீட்டர்ல டிசி வோல்ட் வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முனைய ரேடியேட்டர் வாய் வழியா கூலன்ட்ல மட்டும் முக்குங்க, உலோகத்துல படக்கூடாது. எஞ்சின் ஆறியிருக்கணும், மூடிய சூட்டுல தெறக்காதீங்க. எல்லாம் ஆஃப்ல இருக்கறப்ப 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா கூலன்ட் கெட்டுப்போச்சு. அப்புறம் கூட ஒருத்தர வச்சு, கியர் நியூட்ரல்ல, காயில் வயர கழட்டிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, ஹெட்லைட்ட போடச் சொல்லுங்க, ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க. எதப் போட்டப்ப ரீடிங் எகிறுதோ அந்தக் கரண்டு கூலன்ட் வழியா எர்த் தேடிப் போகுதுன்னு அர்த்தம்.

யாழ் அண்ணா, உங்க ஏ55 இன்னும் டைனமோவோட பாசிட்டிவ் எர்த்தா இருந்தா மீட்டரோட ஒரு முனைய பாடில எர்த் ஆகியிருக்கிற பேட்டரி முனைல வைங்க, உங்களுக்கு அது பாசிட்டிவ் பக்கம்.

கோவை_மார்க்4

செஞ்சு பாத்தேனுங்க. எல்லாம் ஆஃப்ல இருந்தப்ப 0.2 பக்கம். செல்ஃப் அடிச்சதும் மீட்டர் தாவுது, ஒரு எடத்துல நிக்கல, ஆனா ஒரு வோல்ட்ட தாண்டிப் போச்சு. ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் பெருசா அசையல.

வாத்தியார் கேக்காத ஒரு விஷயம். காலைல செல்ஃப் அடிக்கறப்ப சோக் நாப்ப (குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ண இழுக்கிற பிடி) பிடிச்சிருப்பேன்ல, அது எப்பவுமே வெதுவெதுன்னு இருக்கும். எஞ்சின் சூடுன்னே நினைச்சுட்டு இருந்தேன். ஆனா ராத்திரி பூரா நின்ன வண்டிக்கு எஞ்சின் சூடு எங்க இருந்து வரும்?

வயரிங்_வாத்தியார்

ஐயோ, இது ஒண்ணு போதும் தம்பி. உங்க எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு, ரப்பர்ல கரண்டு போகாது. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோட சேர்க்கிற பின்னல் எர்த் பட்டை ஒண்ணு இருக்கும், அது அத்துப்போயிருக்கு இல்ல துருப்பிடிச்சிருக்கு. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்டு நூத்துக்கணக்கான ஆம்ப், அது பேட்டரிக்குத் திரும்ப வழி தேடும், சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி, ஸ்பீடோ கேபிள், கூலன்ட், எது கிடைக்குதோ அது வழியா போகும். சோக் கேபிள் உறை சூடாகுறது அதனாலதான். இத விட்டா கேபிள் உருகி தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு, ஹோஸ் பிய்யறது சின்ன விஷயம். முதல் வேலையா கீழ படுத்து அந்தப் பட்டைய பாருங்க. புதுசு போட்டா ரெண்டு முனைலயும் பெயின்ட்ட சுரண்டி, பளபளன்னு உலோகம் தெரிஞ்சப்புறம் ஸ்டார் வாஷர் வச்சு இறுக்குங்க.

கோவை_மார்க்4

பட்டை இருந்துச்சுங்க, ஆனா பேருக்குத்தான். கியர்பாக்ஸ் பக்கத்து முனைல நாலஞ்சு இழை மட்டும் ஒட்டிட்டு இருந்துச்சு, மிச்சமெல்லாம் பச்சைப் பொடியா உதிருது. புதுசு போட்டாச்சு. இப்ப செல்ஃப் அடிச்சா மீட்டர் 0.2லயே நிக்குது, சோக் நாப் சில்லுன்னு இருக்கு. செல்ஃபும் முன்ன விட சுறுசுறுப்பா சுத்துதுங்க, அத நான் எதிர்பார்க்கவே இல்ல.

கூலன்ட்டும் முழுசா இறக்கி, பிளாக்க அலசி புதுசு ஊத்தியிருக்கேன். மூடி 7 பிஎஸ்ஐ கிடைச்சிருச்சு. ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. ஊருக்குள்ள, சிக்னல்ல நின்னா கூட டெம்பரேச்சர் முள்ளு அசையாது. அவிநாசி ரோட்ட தாண்டி ஹைவேல எண்பதுல போனா மெல்ல மெல்ல ஏறுது, அறுபதுக்கு இறக்கினா இறங்குது. இது ஹோஸ் சம்பந்தப்பட்டதா?

பழைய_ஸ்பேனர்

கண்டிப்பா. வாழைப்பழம்னு சொன்னீங்களே அந்தக் கீழ் ஹோஸ், அது இன்னும் மாத்தலதானே? நின்னா ஏறி ஓடினா இறங்கினா ஃபேன் பக்கம் இல்ல காத்தோட்டம் பாக்கணும். உங்களுது நேர் எதிர். கீழ் ஹோஸ் ரேடியேட்டர்ல இருந்து வாட்டர் பம்ப் வாய்க்குப் போறது, அங்க பம்ப் உறிஞ்சுது. ஆர்பிஎம் ஏற ஏற உறிஞ்சல் கூடும், ஹோஸ் தொளதொளன்னு இருந்தா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், தண்ணி ஓட்டம் நின்னுடும். வண்டிய நிறுத்தி பானெட்ட தெறந்து பாக்கறப்ப ஐட்லிங்ல அது திரும்ப உருண்டையா ஆயிருக்கும், அதனால யார் கண்ணுக்கும் படாது.

எஞ்சின நல்லா சூடாக்கி, பானெட்ட தெறந்து வச்சு, கார்புரேட்டர் கிட்ட இருந்து ஒருத்தர் மெதுவா ரேஸ் பண்ணட்டும், நீங்க டார்ச் அடிச்சு கீழ் ஹோஸ மட்டும் பாருங்க. நம்ம ஃபேன் பெல்ட்டுல சுத்துற ஃபேன், லுங்கி, துண்டு, தொங்குற சட்டைக்கை எதுவும் கிட்ட போகக்கூடாது. சப்பையாச்சுன்னா புது ஹோஸ் போடுங்க, உள்ள சுருள் கம்பி வச்ச ஹோஸா கேளுங்க, இல்ல துருப்பிடிக்காத கம்பிச் சுருள தனியா வாங்கி உள்ள நுழைச்சுக்கலாம். சில வண்டில அந்தக் கம்பி முன்ன இருந்து துருப்பிடிச்சு தூளாகி ரேடியேட்டருக்கே போயிருக்கும்.

புது ஹோஸும் சப்பையானா ரேடியேட்டர் டியூப் அடைச்சிருக்கு, பம்ப் கேக்கிற அளவுக்கு தண்ணி வரல. அப்ப தண்ணி விட்டு அலசறதுல பிரயோஜனம் இல்ல, ரேடியேட்டர் கடைல கொடுத்து மேல் டாங்க பிரிச்சு ஒவ்வொரு டியூப்லயும் கம்பி விட்டு எடுத்து திரும்ப ஈயம் பத்த வைக்கணும். அடைச்சது எத்தனைன்னு கேட்டு வாங்கிக்கோங்க.

இதுல குழப்பிக்காதீங்க, வண்டி நின்னு ஆறினப்புறம் காலைல மேல் ஹோஸ் சப்பையா கிடந்தா அது வேற, மூடிக்கு நடுவுல இருக்கிற சின்ன வால்வு ஒட்டிக்கிட்டு காத்த உள்ள விடல.

ஹெரால்ட்_948

ரொம்ப நல்லா போயிட்டிருக்கு, இடையில ஒரு சந்தேகம். என்கிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கு, மெட்ராஸ்லயே செஞ்சது. இந்த வண்டிக்கு வளைஞ்ச ஹோஸ் கிடைக்கறதே இல்ல, அதனால சிலிக்கான் பத்தி யோசிக்கிறேன். அப்புறம் எனக்கு காலைல குளிர்ந்த வண்டில கிளிப் பக்கத்துல சொட்டுது, சூடானா நிக்குது. எவ்வளவு இறுக்கினாலும் இதே கதைதான்.

பழைய_ஸ்பேனர்

இறுக்காதீங்க, இறுக்கறதாலதான் கெடுது. புழு கிளிப்ல (திருகு வச்சு இறுக்குற பட்டை கிளிப்) பட்டை பூரா வெட்டு வெட்டா இருக்கும், ரப்பர் அந்த ஓட்டைல பிதுங்கி அறுபடும். ஓட்டை வெளிய தெரியாத, உள்பக்கம் வழவழன்னு இருக்கிற கிளிப் வாங்குங்க. குளிர்ல சொட்டி சூட்டுல நிக்கறது குழாய் முனை குழி விழுந்திருக்கிறதோட அடையாளமா இருக்கலாம். கழட்டி எமரி பேப்பர்ல சுத்தி சுத்தி தேச்சு வெள்ளை உப்ப எடுங்க, குழி ஆழமா இருந்தா எபாக்ஸி அடைச்சு காஞ்சப்புறம் உருண்டையா தேச்சு விடுங்க, ரொம்ப மோசம்னா எல்போவ மாத்துங்க. ஹோஸ் நுழையலன்னா கிரீஸ் தடவாதீங்க, சோப்புத் தண்ணி போதும். கிளிப்ப குழாயோட விளிம்பு மேட்டுக்கு உள்பக்கமா தள்ளி வைக்கணும், மேட்டு மேலயே வச்சா கழண்டு வரும்.

சிலிக்கான் கெட்டதில்ல, சூட்டுக்கும் வயசுக்கும் நல்லா நிக்கும், ஆனா அதுக்கும் ஆயில் பெட்ரோல் ஆகாது, அகலமான வழவழ கிளிப் இல்லாம போட்டா கிழியும். கீழ் ஹோஸுக்கு உள்ள கம்பி இல்லாத மெல்லிசு சிலிக்கான் போட்டா அதுவும் சப்பையாகத்தான் செய்யும். வளைஞ்ச ஹோஸுக்கு ஒரு வழி, பழைய ஹோஸையும் ஒரு ஸ்கேலையும் எடுத்துட்டு சென்னைல உதிரிபாகக் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோடு இல்ல புதுப்பேட்டை போங்க, உள்விட்டமும் வளைவும் பொருந்துற வேற வண்டி ஹோஸ்ல இருந்து தேவையான பாகத்த வெட்டிக்கலாம். நேர் ஹோஸ வளைச்சு மாட்டாதீங்க, மடிப்பு விழுற எடத்துல ஓட்டம் நிக்கும், மடிப்பே பிளவாகும்.

கோவை_மார்க்4

ரேஸ் பண்ணிப் பாத்தோமுங்க. டார்ச் வெளிச்சத்துல கண்ணு முன்னாடியே கீழ் ஹோஸ் ரெண்டு பக்கமும் உள்ள போயி தட்டையா ஆயிருச்சு, விட்டதும் டப்புனு உருண்டையாகுது. வெளிப்பக்கம் ஆயிலும் இருக்கு, டேப்பட் கவர்ல இருந்து வழிஞ்சது. கேஸ்கட் மாத்த சொல்லியாச்சு, கம்பி வச்ச ஹோஸ் ஆர்டர் பண்ணியிருக்கேன்.

இன்னொண்ணு, ரேடியேட்டர் வாய் வரைக்கும் நெறய ஊத்தினா வண்டி ஓடினதும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியா ரோட்ல கொட்டுது, அதுவும் கோளாறா?

யாழ்_கேம்பிரிட்ஜ்

அது கோளாறில்லை தம்பி. உங்கட காருக்கு வழியுற தண்ணியைப் பிடிக்கத் தனிப் போத்தில் இல்லைத்தானே, தண்ணி சூடாகேக்க விரியும், இடம் வேணும். கழுத்தில இருந்து ஒரு இஞ்ச் குறைச்சு விடுங்கோ, அது தன்ர மட்டத்தில நிண்டிடும். அதுக்குக் கீழயும் தொடர்ந்து குறைஞ்சா மட்டும் யோசியுங்கோ. அப்ப குளிர் எஞ்சினை ஸ்ராட் பண்ணி மேல் ஹோஸில கை வையுங்கோ, தண்ணி சூடாக முன்னமே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா ஹெட் கஸ்கெற்றால வாயு தண்ணிக்க வருது.

நானும் இண்டைக்கு மீற்றரை வைச்சுப் பாத்தன், வாத்தியார். பாசிட்டிவ் எர்த்தில வைச்சன், ஸ்ராட்டர் அடிக்கேக்க 0.6 காட்டுது. நாளைக்குக் காரைத் தூக்கி எர்த் பட்டையைக் கழட்டுறன்.

வயரிங்_வாத்தியார்

கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி முனைய எடுத்துடுங்க அண்ணா. பட்டை நல்லா இருந்தா பேட்டரில இருந்து பாடிக்கு வர்ற முனையையும் பாருங்க, அங்க பெயின்ட் மேலயே போல்ட் போட்டிருப்பாங்க. ரீடிங் என்ன ஆச்சுன்னு இங்க போடுங்க.